கடுக்காயும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் இலையுதிர் காடுகளில் வளரும் மரங்களுள், நாம் அறியாமலே நம் வாழ்வோடு நெருங்கிய உறவு கொண்டது கடுக்காய் மரம்.

கோடைக்கு முன் இலைகளை உதிர்க்கும் இம்மரம், புதுத் தளிர்களோடு ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். மழைக்காலம் கழிந்தபின் காய்கள் முற்றி உதிரும். உள்ளிருக்கும் கொட்டை மிகக் கடினமானது. அதன் முனையைக் கிள்ளி நீரில் ஊறவைத்தால் முளைப்பது எளிதாகும். நாற்று மெல்லவே வளரும். அதற்கு வெயில் வேண்டும். வெட்டப்பட்டாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கும் உறுதி இதற்கு உண்டு.

கொட்டையை நீக்கித் தோலை மட்டும் உண்ண வேண்டும் என்பது நம் வைத்தியர்களின் விதி. நெல்லி, தான்றி ஆகியவற்றோடு சேர்ந்து இது திரிபலா ஆகிறது. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் வெளியிட்ட தம் மூலிகை நூலில் கடுக்காயைப் பற்றியும் எழுதினார். இதன் துவர்ப்புச் சத்து தோல் பதனிடப் பயன்பட்டதால், கடுக்காய் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் சென்றது. பழைய நாளில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து கட்டினர். நம் முன்னோர் எழுப்பிய சுவர்களின் உறுதியில் காட்டு மரத்தின் பங்கும் உண்டு.

ஆனால், அம்மரத்தின் நிழலில் வாழ்ந்த மக்களின் நிலை என்ன? கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். வரி செலுத்தினர், கூலியின்றியும் உழைத்தனர். நாடு 1947-இல் விடுதலை பெற்றது. அம்மலையை அரசு தன் பொறுப்பில் ஏற்றதோ 1976-இல்தான்! சமவெளியில் பிறந்த ஒரு குழந்தை இருபத்தொன்பது வயதை எட்டும் வரை, மலையில் பிறந்த குழந்தை காத்திருந்தது.

அதன் பின்னும் காட்டில் காய் பொறுக்குவோருக்கு அக்காயின்மேல் சட்டப்படி உரிமை கிடைக்க, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் தந்த உரிமை, நியாயமான விலையாகக் கைக்கு வந்து சேர்வது இன்னொரு படி.

கடுக்காயின் பயனை நாம் நன்கு அறிவோம். நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கும்போது, அதைப் பொறுக்கிய கைக்கு எவ்வளவு சேர்ந்தது என்றும் நாம் கேட்கப் பழகவேண்டும். நீதி என்பது அத்தகைய சிறு கேள்விகளிலிருந்தே முளைக்கிறது.