எரிகோவின் மதில்களும் வரலாற்று நூல்களும்

விவிலியம் கூறும் நிகழ்ச்சிகள் வரலாற்று உண்மைகள்தாமா என்னும் வினாவுடன் நூலகம் புகுவோர், இருவகை நூல்களைக் காண்பர். எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன என முழங்குவன ஒரு வகை. எல்லாம் கட்டுக்கதை என எள்ளுவன மற்றொரு வகை. இவற்றிடையே நம்பத்தக்க நூலைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? எரிகோ நகரின் அகழ்வாராய்ச்சி அதற்கு நல்வழி காட்டுகிறது.

யோசுவாவின் படையினர் எக்காளம் ஊதி ஆர்ப்பரிக்க, எரிகோவின் மதில்கள் இடிந்து விழுந்தன என்பது விவிலியச் செய்தி. 1930 முதல் 1936 வரை அங்கு அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங் என்னும் ஆங்கிலேய அறிஞர், இடிந்த மதில்களைக் கண்டு, அவை ஏறத்தாழ கி.மு. 1400-இல் யோசுவாவின் காலத்தில் வீழ்ந்தவை என்றார். பற்றுடையோர் பெரிதும் மகிழ்ந்தனர். பின்னர் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த காத்லீன் கென்யன் அம்மையார், மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, அம்மதில்கள் அக்காலத்துக்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு முற்பட்டவை என்று காட்டினார். விவிலியச் சுவடி ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற பிரெடெரிக் கென்யனின் மகளார் அவர். ஆயினும் மண் உரைத்ததை அவர் மறைத்தாரல்லர்.

அதனால் விவிலியத்தில் வரலாறே இல்லை எனத் தள்ளிவிடலாமோ? அதுவும் பிழையேயாம். கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்தான். யூதாவின் அரசன் எசேக்கியா 30 தாலந்து பொன்னும் 300 தாலந்து வெள்ளியும் திறை தந்தான் என்கிறது விவிலியம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள சனகெரிப்பின் களிமண் பட்டகமும் பொன்னை 30 தாலந்து என்றே கூறுகிறது; வெள்ளியை மட்டும் 800 தாலந்து என்கிறது. எருசலேமை முற்றுகையிட்டதைப் பெருமையுடன் பேசும் அப்பட்டகம், அந்நகரைக் கைப்பற்றியதாக ஓரிடத்தும் கூறவில்லை. பகைவனின் சாசனமே இங்குச் சான்றாகிறது.

ஆகவே, சான்று கிடைத்த மண்ணடுக்கு எது, அதன் காலம் யாது, மாற்றுக் கருத்தினர் கூறுவது என்ன என்பவற்றை மறையாது உரைக்கும் நூலே நம்பத்தக்கது. பழைய ஏற்பாட்டின் நம்பகத்தன்மையை நிலைநாட்டக் கென்னத் கிச்சன் 2003-இல் வெளியிட்ட நூலையும், அதன் பல பகுதிகளை ஐயுற்று இஸ்ரேல் பிங்கெல்ஸ்டீனும் நீல் சில்பர்மனும் 2001-இல் வெளியிட்ட நூலையும் அருகருகே வைத்துக் கற்றல் நன்று. ஒன்றை மட்டும் கற்பவர் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டவராவர்.

சமயப்பற்று உடையோர்க்கும் இல்லார்க்கும் இது பொதுநெறி. நாம் விரும்பும் முடிவைத் தருகிறது என்பதற்காக ஒரு சான்றை ஏற்போமாயின், அடுத்த அகழ்வில் அது நம் கண்முன்னே சரிந்து விழும்.