அது போட்டோ இல்லை, பிள்ளைகளே!



"200 வருஷத்துக்கு முந்தைய திருச்சி போட்டோ" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முன்னால் காவிரி, பின்னால் மலைக்கோட்டை. படம் பழையதுதான். ஆனால் போட்டோ எடுக்கும் முறையே 1839-ல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இது செம்புத் தகட்டை அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சடித்த படம்.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தா வந்தார்கள். 1792-ல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் சுற்றி வரைந்தார்கள். 1794-ல் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை லண்டனில் வெளியிட்டார்கள்.

இந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செம்பும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் கரைசல் நீலமாகும் என்று லேபில் பார்த்திருப்பீர்கள். அதே வேதியியல்தான் இங்கும். தகட்டின்மேல் குங்கிலியம் போன்ற பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் வைத்தால் தூளுக்கு இடைப்பட்ட செம்பை மட்டும் அது அரிக்கும். வெளிறிய வானம் போதும் என்றால், தகட்டை எடுத்து அந்த இடத்துக்கு வார்னிஷ் பூசிவிட்டு, மீண்டும் அமிலத்தில் வைப்பார்கள். அதிக நேரம் இருந்த இடத்தில் குழி ஆழமாகும். அங்கே மை அதிகம் தங்கும். மலைக்கோட்டையின் இருண்ட நிழல் என்பது அந்த இடம் அமிலத்தில் கிடந்த நேரம்தான்! பிறகு மையைத் தேய்த்து, மேலே துடைத்து, ஈரக் காகிதம் வைத்து அழுத்தி அச்சிடுவார்கள். வண்ணம் தனியே கையால் பூசியது.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன்? இங்கே வரைந்ததைச் சில ஆண்டுகள் கழித்து, லண்டனில், அங்கே விலை கொடுத்து வாங்குபவர்களுக்காகத் தகட்டில் ஏற்றினார்கள். எனவே மலையின் வடிவத்தை நம்பலாம். வானத்தின் நிறத்தையும் ஓரத்து மரத்தையும் அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. லின்னேயஸ் டிரைப் என்பவர் கேமராவோடு நம் புதுக்கோட்டையையும் படமெடுத்து 1858-ல் வெளியிட்டார். அதுதான் போட்டோ.

அதனால் டேனியல் படங்களுக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. கேமரா வருவதற்கு முன்னால் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்று காட்ட மிஞ்சியிருப்பவை இவை போன்ற சில படங்கள்தான். பகிருங்கள், ஆனால் கீழே சரியாக எழுதிப் பகிருங்கள்: யார் வரைந்தது, எப்போது, எப்படி அச்சானது. சரித்திரப் பாடத்தில் பாதி அந்த மூன்று கேள்விதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்