கூட்டுரோட்டுக்கு வந்த கம்பி

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் பண்ணுருட்டிச் சாலை பிரிகிற இடம் கோலியனூர் கூட்டுரோடு. பக்கத்தில் விழுப்புரம் சந்திப்பு. அங்கிருந்து 1879-லேயே புதுச்சேரிக்கு இருப்புப்பாதை போட்டாயிற்று. சாலைக்கும் தண்டவாளத்துக்கும் இவ்வட்டாரத்தில் என்றுமே குறைவில்லை. ஆயினும் படித்த பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தியது பெரும்பாலும் வெளியே போவதற்குத்தான். கணிப்பொறியும் இணையமும் வந்துவிட்டால் வேலை ஊருக்கே வரும் என்ற நம்பிக்கை, ஏறத்தாழ கால் நூற்றாண்டாகப் பல பெயர்களில் நம்மிடையே உலவி வருகிறது. அந்நம்பிக்கையின் தொடக்கத்தைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே சாலையில் கிழக்கே போனால் வில்லியனூர்.

1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியுடன், புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. நடுமையம் வில்லியனூரில். அங்கே தொலைபேசி வழியாக இணையம். அங்கிருந்து ஊர்களுக்கு வானொலி அலைவழியே செய்தி. மின்சாரம் போய்வந்துகொண்டிருந்தமையால் சூரிய ஒளித் தகடுகளையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். இடத்தையும் மின்சாரத்தையும் ஊர் தர வேண்டும், நடத்துபவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்களாக இருக்க வேண்டும், தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி உள்ளே வந்துபோக வேண்டும் என்பன நிபந்தனைகள். எம்பலத்தில் கோயில் இடமே மையமாயிற்று. தமிழகச் சிற்றூர்களை அறிந்தவர்கள் அந்தக் கடைசி நிபந்தனையின் கனத்தையும் அறிவார்கள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அலை எவ்வளவு உயரும் என்று அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போர்க்கப்பல்களுக்காகத் திரட்டிய கணக்கு, கட்டுமரக்காரனின் விடியற்கால முடிவுக்குப் பயன்பட்டது! வேறு ஊர்களில் நெல்விலை, உரக்கடை இருப்பு, மருத்துவமனை விவரம், அரசுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியல் ஆகியவை கிடைத்தன. 'நம்ம ஊரு செய்தி' என்றொரு ஏடும் வெளிவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு தப்பிய கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே கரையைவிட்டு அகற்றியது. கணிப்பொறியின் வெற்றியாகவே இது எழுதப்படுகிறது. எங்களுக்கு வேறொன்று படுகிறது: அன்று பயன்பட்டவை தொலைபேசியும் குழாய் ஒலிபெருக்கியும், அவசரத்தில் எங்கே ஓட வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்த ஓர் இடமும்.

இத்தனை செய்த அம்மையங்கள் ஊருக்குத் தந்தது தகவல். அங்கே அமர்ந்திருந்த பெண்களின் உழைப்பு தன்னார்வப் பணி. அதைச் சம்பள வேலையாக்குவது அத்திட்டத்தின் நோக்கமாகவும் இருக்கவில்லை.

பிழைப்பாக்கிக் காட்ட முயன்றவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவைச் சூழ்ந்திருந்த குழுவினர். அவர்கள் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறை, பேச்சுடன் இணையத்தையும் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் ஊருக்குக் கொண்டுசென்றது. அதைக் கொண்டு என்-லாக் நிறுவனம், 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் தொடங்கி, உள்ளூர் இளைஞரே கடன் வாங்கி நடத்தும் இணையக் கடைகளைத் திறக்கச் செய்தது. கண்ணைப் படமெடுத்து அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி புகழ்பெற்றது. ஆனால் சான்றிதழ், தட்டச்சு, படம் என்று ஐந்தும் பத்துமாக வந்த காசு கடன் தவணைக்குப் போதவில்லை. சில ஆண்டுகளில் பல கடைகள் மூடப்பட்டன. காரணம் எளிது: கடைக்காரரின் வாடிக்கையாளர்கள் அவ்வூர் மக்களே. அவர்கள் கையில் இல்லாத பணத்தைக் கம்பி எங்கிருந்து கொண்டுவரும்?

2004-இல் நடுவண் அரசின் அகலப்பட்டைக் கொள்கை வந்தது. 256 கிலோபிட் வேகமிருந்தாலே அகலப்பட்டை என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அச்சேவையைத் தொடங்கியது. அது பழைய தொலைபேசியின் செம்புக்கம்பியிலேயே ஓடியது. தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் அலை தேய்ந்துவிடும். ஆகவே நிலையம் உள்ள சிற்றூருக்குக் கிடைத்தது அதன் சுற்றுப்புறக் குக்கிராமங்களுக்குக் கிடைக்கவில்லை.

வேலையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்தது, அதே ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007-இல் உருவான தேசிக்ரூ. திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் அலுவலகம் வைத்து, நகரத்து நிறுவனங்களின் படிவங்களையும் தரவுகளையும் அங்கே அனுப்பிச் செய்வித்தார்கள். கட்டணம் கட்டுபவர் நகரத்தில், சம்பளம் ஊரில். மேலூர்க் கடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. ஆனால் அதுவே எல்லாம். 2011-இல் தென்காசிப் பக்கம் போன ஸோஹோ, படிவ வேலையைக் கடந்து மென்பொருள் ஆக்கத்தையே அங்கே நடத்தலாம் என்று காட்டியது.

அரசோ கம்பியின் நீளத்தையே எண்ணிக்கொண்டிருந்தது. ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை என்ற திட்டத்துக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்காக 2018-இல் தான்பிநெட் என்ற நிறுவனம் பிறந்தது. 2020-இல் ஒப்பந்தப்புள்ளி ரத்தாகி, மறுபடி கோரப்பட்டு, 2022-இல்தான் இழை பதிக்கும் பணி தொடங்கியது. வில்லியனூரில் மையம் திறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

விழுப்புரம் மாவட்டத்துக்கும் ஒன்று வந்தது. 2024 பிப்ரவரியில், வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், ஏறத்தாழ 31 கோடி ரூபாய்ச் செலவில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சென்னைக்கு வெளியே இப்படியொரு கட்டடம் எழுந்ததை நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் திருச்சிற்றம்பலம் இருப்பது புதுச்சேரியின் விளிம்பில். நகரம் ஏற்கெனவே தொட்டுவிட்ட இடம் அது. கோலியனூர்ப் பெண்ணொருத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தால், பழைய வில்லியனூர் வழியாகவே பேருந்தில் புதுச்சேரி போய், அங்கே வண்டி மாறித் திண்டிவனம் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும்.