கோல்ப் ஆடாதவர்களையும் தாக்கும் 'கோல்பர்ஸ் எல்போ': கொத்தனார், பெயிண்டர்கள் உஷார்

டீ கிளாசை தூக்கினால் முழங்கையில் சுரீர் என்கிறதா? ஈரத்துணியை பிழிய முடியவில்லையா? கையை மேஜை மேல் வைத்து, முழங்கையின் உள்பக்கம் துருத்திக் கொண்டிருக்கும் எலும்பை அழுத்திப் பாருங்கள். உயிர் போகிற மாதிரி வலித்தால் அது 'கோல்பர்ஸ் எல்போ'வாக இருக்கலாம்.

பெயரைப் பார்த்து பணக்காரர்கள் வியாதி என்று நினைக்க வேண்டாம். இந்த வலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற பலர் கோல்ப் மட்டையை தொட்டுக்கூட பார்த்திருக்க மாட்டார்கள். சுத்தியல் பிடிக்கும் தச்சர், சாந்து பூசும் கொத்தனார், பட்டி தேய்க்கும் பெயிண்டர், பைப் முறுக்கும் பிளம்பர், மாவு பிசையும் பரோட்டா மாஸ்டர், துணி துவைத்துப் பிழியும் பெண்கள் என்று எல்லாரையும் இது பிடிக்கும். 40 வயதை தாண்டியவர்களுக்கு அதிகம்.

மணிக்கட்டை மடக்கவும், பொருளை இறுக்கிப் பிடிக்கவும் உதவும் தசைகள் அந்த உள்பக்க எலும்பில்தான் தசைநார் மூலம் ஒட்டியிருக்கின்றன. ஒரே வேலையை நாள் முழுக்க தம் கட்டிச் செய்யும்போது அந்த நாரில் சின்னச் சின்ன கிழிசல் விழுகிறது. அது ஆறுவதற்குள் மறுநாள் வேலை. இப்படியே நார் நைந்து போகிறது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வலி வெளிப்பக்க எலும்பில் இருந்தால் அது 'டென்னிஸ் எல்போ'. அதன் பெரிய அண்ணன் என்று சொல்லலாம், இதைவிட அதிகம் பேருக்கு வருவது அதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ரெண்டு நாள் தாங்கும். தினமும் போட்டால் வயிறு புண்ணாகும், கிட்னிக்கும் ஆபத்து. பிடிமானம் குறைந்த கையோடு சாரத்தில் ஏறுவது அதைவிட ஆபத்து. கையை முறுக்கி, இழுத்து சொடுக்கெடுப்பதும் கூடாது. நைந்த நார் மேலும் கிழியும்.

'ரெஸ்ட் எடுங்க' என்று டாக்டர் சொல்லிவிடுவார். தினக்கூலிக்காரருக்கு அது நடக்கிற காரியமா? முழு ஓய்வு முடியாவிட்டால் வேலையை மாற்றிச் செய்யலாம். கனமான வேலையை சில வாரம் அடுத்தவரிடம் விட்டுவிட்டு, லேசான வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல், கரண்டி கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை சுற்றினால் பிடி தடிமனாகும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஐஸ் கட்டியை துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். முழங்கைக்கு சற்று கீழே கட்டும் பட்டையும் உதவும். விரல் மரத்தால் தளர்த்திவிட வேண்டும்.

உண்மையான மருந்து உடற்பயிற்சிதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். உள்ளங்கை மேலே பார்க்க, முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். பாட்டிலைப் பிடித்த கையை மறு கையால் மேலே மடக்கி, பிறகு வலிக்கிற கையாலேயே மெதுவாக இறக்குங்கள். 10 முதல் 15 முறை. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி நீடித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் காசில்லாமல் கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு வாரத்தில் குணமாகாது. சில மாதம்கூட பிடிக்கும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு வலி திரும்பி வரலாம். அடிக்கடி போட்டால் நார் பலவீனமாகும். ஆபரேஷன் வெகு சிலருக்கே, அதுவும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை மற்ற சிகிச்சை பலிக்காவிட்டால்தான்.

முழங்கை இடித்தால் 'ஷாக்' அடிக்குமே, அந்த நரம்பு இந்த எலும்புக்கு பின்னால்தான் ஓடுகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உடனே டாக்டரை பாருங்கள். முழங்கை வீங்கி, சிவந்து, காய்ச்சல் வந்தாலும் அப்படியே. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் அது வேறு விஷயம். ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐ கூப்பிடுங்கள்.