குமாரி ஜயவர்த்தனவின் வரலாற்று நோக்கு

டொனமூர் ஆணைக்குழு 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து சாட்சியங் கேட்டபொழுது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என வாதாட ஒரு குழுவினர் அதன்முன் தோன்றினர். ஆங்கிலங் கற்ற, வசதியான குடும்பத்துப் பெண்கள் அவர்கள். அவ்வாண்டிலேதான் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்திருந்தனர். விசாரணையின் நடுவே ஆணைக்குழுவினர் ஒரு கேள்வியைப் போட்டனர். தோட்டங்களிலே கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமை வேண்டும் என்கிறீர்களா? சங்கத்தின் முன்னணியில் நின்ற அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே எமது கோரிக்கை என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை அது நிபந்தனைகளோடுதான் வந்தது. அவ்வளவும் 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பறிக்கப்பட்டது. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் செய்த முதற் காரியங்களுள் இதுவும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

நாம் மாணவராயிருந்த காலத்துப் பாடப் புத்தகங்களிலே டொனமூர் பிரபுவின் பெயர் இருந்தது. அரசியற்றிட்டத்தின் நிர்வாகக் குழுக்கள் ஏழும் இருந்தன. அக்னஸ் டி சில்வாவை அங்கே காணோம். அவர் எவருக்காகப் பேசினாரோ அப்பெண்களையும் காணோம். இவ்விரு திறத்தாரையும் தேடியெடுத்து இந்நாட்டு வரலாற்றின் மையத்துக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் குமாரி ஜயவர்த்தன.

அவர் பிறந்ததும் அந்த 1931ஆம் ஆண்டிலேதான். தந்தையார் ஏ. பி. டி சொய்சா சாதியமைப்பைச் சாடிய பௌத்தர். 1936 முதல் அரசாங்க சபையிலே அங்கத்துவம் வகித்தவர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. கொழும்பிலே கற்று, பின் லண்டன் பொருளியற் கல்லூரியிலும் பாரிஸிலும் பயின்று, 1964இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1969 முதல் 1985 வரை கொழும்புச் சர்வகலாசாலையில் அரசியல் விஞ்ஞானம் போதித்தார். இத்தகைய குடும்பப் பின்னணியும் கல்வியும் பெற்ற எத்தனையோ பேர் பதவியும் பட்டமும் தேடிச் சுகமாக வாழ்ந்தனர். இவரோ அச்சகத் தொழிலாளரையும் கரத்தைக்காரரையும் துறைமுகத் தொழிலாளரையும் தேடிப் பழைய பத்திரிகைகளையும் அரசாங்கக் கோவைகளையும் புரட்டினார்.

அதன் பேறு 1972இல் வெளிவந்த, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவரது நூல். 1893இல் கேவ் கம்பனி அச்சகத்திலே நடந்த வேலைநிறுத்தத்தில் தொடங்கி, 1906இன் கரத்தைக்காரர் போராட்டம், 1912இன் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1923இன் பொது வேலைநிறுத்தம் என்று அது விரிகின்றது. எம்மை மிகவும் சிந்திக்கவைப்பது இவ்வெழுச்சியன்று. எழுந்த இயக்கம் திசைமாறிய கதையே.

1923இல் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் என்ற பேதமின்றிக் கொழும்புத் தொழிலாளர் ஒரே கொடியின்கீழ் நின்றனர். தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. பத்து ஆண்டுகள் கழிந்தன. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாதார் தொகை பெருகிற்று. அதே குணசிங்க மலையாளத் தொழிலாளரே சிங்களத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுப்போர் என்று பேசத் தலைப்பட்டார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது அவர் எதிரணியில் நின்றார்; கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகளே அத்தொழிலாளருக்குத் துணைநின்றனர்.

இம்மாற்றத்தைத் தனிமனிதரின் குணக்கேடு என்று கூறி முடித்துவிடுவது இலகு. குமாரி ஜயவர்த்தன அவ்வழியிற் செல்லவில்லை. வேலை குறைந்த காலத்தில் வேலைக்கான போட்டி எவ்வாறு இனப்பகையாக உருமாற்றப்படுகின்றது, அப்பகையால் ஆதாயம் அடைவோர் எவர் என்று அவர் கேட்டார். 1915ஆம் ஆண்டின் கலவரத்தை ஆராய்ந்தபொழுதும் யுத்தகால விலையேற்றம், வணிகப் போட்டி, கொழும்புப் புகையிரதத் தொழிலாளரின் மனக்கொதிப்பு ஆகியவற்றை அவர் கருத்திற் கொண்டார். 1983 யூலைக்குப் பின்னர், சிங்கள பௌத்த உணர்வின் நூறாண்டு வரலாற்றை இன, வர்க்க முரண்பாடுகளோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார். அது 1985இல் நூலாகியது. அக்காலத்திலே கொழும்பிலிருந்து அவ்வாறு எழுத நெஞ்சுரம் வேண்டும். இடதுசாரிகளும் இக்கேள்விகளுக்கு விலக்கானவர்கள் அல்லர். 1966 சனவரியில் தமிழ்மொழி விசேட விதிகளை எதிர்த்து ஊர்வலஞ் சென்றோரிடையே செங்கொடி பிடித்தவர்களும் இருந்தனர். அதைக் கண்ட எம்மவருக்கு அது ஆறாத வடு.

இனி, அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த நூலுக்கு வருவோம். ஹேக் நகரில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து வளர்ந்து 1986இல் முழுநூலாக வந்தது, மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும் பற்றிய அவரது ஆய்வு. பெண்விடுதலை மேனாட்டுச் சரக்கு, எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று மேடைகளிலே முழங்குவோரை நாம் அறிவோம். அவர்களுட் சிலர் முற்போக்காளர் என்ற பெயரையும் தாங்கியுள்ளனர். பெண்கள் பிரச்சினையைப் பேசினால் வர்க்கப் போராட்டம் பிளவுபடும் என்பது அவர்தம் வாதம். இவ்விரு சாராருக்கும் அந்நூல் வரலாற்றுச் சான்றுகளாலேயே விடை கூறுகின்றது. துருக்கி, எகிப்து, ஈரான், இந்தியா, இந்தோனேசியா, சீனா, வியட்நாம், கொரியா, யப்பான் என நாடு நாடாகச் சென்று, ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கிளர்ச்சிகளின் உள்ளேயிருந்தே பெண்ணுரிமைக் குரல் எழுந்ததை அது காட்டுகின்றது. 1907இல் மஞ்சு அரசாட்சியால் சிரச்சேதஞ் செய்யப்பட்ட சீனப் புரட்சியாளர் சியூ ஜின் எந்த ஐரோப்பியச் சீமாட்டியின் ஏவலால் தலைகொடுத்தார்?

ஆயினும் அவர் தேசிய இயக்கங்களைப் போற்றிப் பாடுவதோடு அமைந்துவிடவில்லை. அவ்வியக்கங்களின் தலைவர்கள் பெரும்பாலும் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தினர். படித்த பெண் அவர்களுக்குத் தேவைப்பட்டாள். பால்ய விவாகமும் உடன்கட்டையும் அவர்களுக்கு வெட்கத்தைக் கொடுத்தன. குடும்பத்தின் உள்ளமைப்பையோ அவர்கள் தொடவில்லை. நாகரிகமான மனைவி, அறிவுள்ள தாய் என்பதற்கப்பால் அவர்களுடைய புதிய பெண் செல்லக்கூடாது. போராட்ட காலத்தில் வீதிக்கு அழைக்கப்பட்டவள், கொடி ஏறியதும் அடுக்களைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். யாழ்ப்பாணத்திலே சீதனத்துக்குக் குறைவு வராத அளவுக்கு மாத்திரம் பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோரைக் கண்டு பழகிய எமக்கு இதற்கு வேறு உரை தேவையில்லை.

மேனாட்டுப் பெண்கள் எல்லாரையும் ஒரே தராசிலே நிறுப்பதும் அவருக்கு உடன்பாடன்று. தமிழரை மணந்து இங்கே வந்து, பெண்களின் சுகாதாரத்துக்கும் வாக்குரிமைக்கும் உழைத்த கனடிய வைத்தியர் மேரி இரத்தினம், சூரியமல் இயக்கத்திலே பங்குகொண்டு, 1952இல் அக்குறஸைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற டொரீன் விக்கிரமசிங்க ஆகியோரைப் பற்றித் தனித்தனியே எழுதினார். தம் தாயாரின் பிறப்பை அவர் மறந்திருக்கமாட்டார் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

2000இல் வந்த நூலொன்றில், சாராயக் குத்தகையால் பொருள் சேர்த்தோர் எவ்வாறு நாட்டின் பெருமக்களாயினர் என்று காட்டினார். அதனை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 2015இல் றேச்சல் குரியனோடு சேர்ந்து எழுதிய, பெருந்தோட்டங்களின் இருநூறாண்டு வரலாறே எமக்கு முக்கியமானது. 1972ஆம் ஆண்டு நூலிலும் தோட்டத் தொழிலாளர் உண்டு. ஆயின் கொழுந்து பறிக்கும் பெண் அங்கே தெளிவாகத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் தாமே திரும்பிச் சென்று அவளைத் தேடுகிறார். தேயிலையின் உயிர்நாடி கொழுந்து; அதைப் பறிப்போரிற் பெரும்பாலார் பெண்கள். பொழுது விடியுமுன் எழுந்து லயன் அறையிலே அடுப்பெரித்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படிக்கு வரும் அவளுக்கு மேலே துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, கணவன் என்று அடுக்கடுக்காக ஆண்கள். வர்க்கம், சாதி, இனம், ஆணாதிக்கம் என்பன அவள் தலைமேலே தனித்தனிச் சுமைகளாக இல்லை. ஒரே கூடையாக இருக்கின்றன.

எமக்குத் தோன்றும் குறையொன்றையும் கூறவேண்டும். அவருடைய ஆய்வுகள் பெரிதும் ஆங்கில ஆதாரங்களிலேயே தங்கியுள்ளன. கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டந்தோறும் சென்று, தாம் இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாள், 1923இல் ‘தமிழ்மகள்’ என்ற பத்திரிகையை நடத்தத் தொடங்கிய மங்களம்மாள் மாசிலாமணி போன்றோரின் எழுத்துக்களைத் தமிழிலேயே வாசித்து முழுமையாக ஆராய்வோர் இன்னும் வேண்டும். அது அவர்மேற் சுமத்தும் குற்றமன்று. தமிழ் கற்ற எம்மவர் செய்யவேண்டிய வேலையை ஏன் செய்யவில்லை என்பதே கேள்வி.

1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. ஆணின் கூலிக்கும் பெண்ணின் கூலிக்கும் இடையிலிருந்த அந்த வேறுபாட்டை நீக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.