கீரிமலை மடமும் ஜப்பான் விடுதியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகள் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். ஜப்பானில் மலையடிவாரத்தில் ஒரு பழைய மர விடுதி. பாய் விரித்த அறை, தாழ்ந்த மேசை, அறையோடு ஒட்டினாற்போல ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி. "சேர், எங்கட பக்கம் இப்படி ஒன்றும் இருக்கவில்லையா?" என்று கேட்டார்கள். மணியடிக்கிற நேரம், "இல்லை" என்று சொல்லிவிட்டோம். அது பிழையான பதில். வகுப்பில் திருத்துவதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

அந்த விடுதிகளுக்கு ரியோகான் என்று பெயர். யமானாஷி மாகாணத்தில் ஒன்று கி.பி. 705இலிருந்து இயங்குகிறது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் பதிவு செய்தது அதைத்தான். ஊற்று நீருக்கு ஒன்சென் என்று பெயர். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 பாகை செல்சியஸ் இருந்தாலே அது ஒன்சென்தான். குறிப்பிட்ட கனிமங்கள் இருந்தால் அந்தச் சூடும் தேவையில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஒன்சென் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கிணற்றடியில் குளிக்கிறோம்!

பொதுக்குளத்தில் ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. ஆனால் உடுப்பு எதுவுமில்லாமல்தான் இறங்க வேண்டும். அவ்ரத்தைப் பேணுகிற எங்களுக்கு அது சரிவராது. அதனால்தான் ஜப்பானுக்குப் போகும் முஸ்லிம்கள் தனிக்குளியல் உள்ள விடுதியைத் தேடுகிறார்கள். குடும்பத்தோடு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் குளியலறைகளும் உண்டு.

இனி எங்கள் பக்கம் வருவோம். யாழ் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றரில் கீரிமலை. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல், இந்தப் பக்கம் நன்னீர். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேல் மிதந்து, மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அது கரையில் வெளிவரும் இடங்களில் ஒன்றுதான் கீரிமலை ஊற்று. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதற்கும் இதுவே காரணம். கீரிமலையில் ஆண்களுக்குக் கடலோரமாகத் திறந்த கேணி. பெண்களுக்கு மதில் சூழ்ந்த தனிக்கேணி. பிள்ளைகள் கேட்ட தனிக்குளியல் என்றால் எங்கள் ஊரில் அதுதான்.

தங்குமிடம்? அதற்குத்தான் மடங்கள். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வந்தவர்களும், ஊற்றில் குளித்தால் நோய் தீரும் என்று நம்பி வந்தவர்களும் நாட்கணக்கில் தங்கினார்கள். திண்ணை, கிணறு, அடுப்பு இருக்கும். சமையல் அவரவர் பாடு. காசு வாங்குவதில்லை. வசதியுள்ள குடும்பங்கள் தருமமாகக் கட்டியவை அவை. சிறாப்பர் மடம் என்ற பெயரை வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறாப்பர் என்றால் கச்சேரிக் காசாளர். வழிநெடுகத் தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கிக் கல், மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், தாகத்துக்குக் கேணி. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கம். பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வாகனங்கள் அதற்கு ஊடாகத்தான் போகின்றன. இறங்கி அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள், வெயிலில் நடந்து வந்தவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று விளங்கும்.

ஜப்பான் விடுதி நிலைத்தது, எங்கள் மடம் ஏன் நிலைக்கவில்லை? யுத்தம் என்று உடனே சொல்லிவிடுவோம். அதற்கு முன்பே ஒரு காரணம் இருக்கிறது. ரியோகான் ஒரு வியாபாரம். வருமானம் வந்தது, தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள். மடம் தருமம். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்தவர்களுக்காகக் கட்டியது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது, பிறகு பஸ். காலையில் வந்து குளித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்றால் யார் மடத்தில் படுப்பார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தருமம் என்று கட்டினாலும் கதவு எல்லோருக்கும் ஒரேபோலத் திறக்கவில்லை. பொது இடங்களில் சாதி பார்த்து மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல், கீரிமலைக்குப் பக்கத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக விடும்படி மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. மடங்களின் பெருமையைப் பேசுகிற கட்டுரைகள் பல இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். நாங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இதில் ஒரு பழைய பக்கம் உண்டு. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதும், அரசர் பல்லக்கும், வருடாவருடம் மலைக்குப் போகும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தன் ஆட்கள் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினாராம். முஸ்லிம் முசாபிர் ஒருவருக்கு இந்து அரசர் செய்த உபசாரம் அது. இருவரும் சந்தித்த இடம் புத்தளம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

புத்தளம் என்றதும் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்களை யாழ் நகரிலிருந்து புலிகள் வெளியேற்றினார்கள். ஒரே வருடம். அவர்கள் நலன்புரி நிலையங்களில், நாங்கள் புத்தளத்தில். பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் தென்னந்தோட்டத்திலும் எங்கள் உம்மா, வாப்பாமாருக்கு இடம் தந்த புத்தளத்து மக்கள் எந்தத் தரும சாசனமும் எழுதி வைத்துவிட்டுச் செய்யவில்லை. இப்போது முப்பதுகளில் இருக்கும் எங்களில் பலருக்கு முதல் நினைவே அந்தக் கிடுகுக் கொட்டில்தான். கீரிமலைக்காரர் ஒருவரிடம் "உங்கட வீடு எப்ப கிடைச்சது?" என்று கேட்டால் அவர் சொல்லும் கதை எங்களுக்கு அந்நியமாக இருப்பதில்லை. இரண்டு கதையையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேச இன்னும் தயங்குகிறோம் என்பதும் உண்மை.

யுத்தம் முடிந்த பிறகு ஊற்று மீண்டும் திறந்தது. கேணிகளில் பிள்ளைகள் குதிக்கிறார்கள். கீரிமலையின் பழைய மடங்கள் பெரும்பாலும் இடிபாடாகத்தான் மிஞ்சின.

தரம் 10ஐ அடுத்த தவணையில் தெருமூடி மடத்துக்கும் கீரிமலைக்கும் கூட்டிப்போக அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளின் பெற்றோர் யோசிக்க வேண்டாம், அவர்களுக்கு மதில் உள்ள கேணி இருக்கிறது, ஆசிரியைகள் கூட வருவார்கள். மாற்றுடுப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் சோனகதெருப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 1990க்கு முன் வெளியூர் வியாபாரிகளும் முசாபிர்களும் எங்கள் தெருவில் எங்கே தங்கினார்கள், யார் சாப்பாடு கொடுத்தார்கள் என்று ஞாபகம் இருந்தால் குரல்பதிவாகவாவது அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதி வைப்பார்கள்.