குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் மரபணு, புரதக் குறிப்பான்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே (லுக்கீமியா) முதலிடம் வகிக்கிறது. அதில் பெரும்பங்கு, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் தோன்றும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. இந்நோயில் எலும்பு மஜ்ஜையை நிறைக்கும் முதிராத செல்கள் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு குழந்தை மிதமான மருந்துகளிலேயே குணமடையும். இன்னொரு குழந்தைக்குக் கடும் சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பும். இதை முன்கூட்டியே கணிக்க உதவும் புரதங்களும் மரபணு மாற்றங்களுமே குறிப்பான்கள் எனப்படுகின்றன.

முதலில் பார்க்கப்படுபவை புரதங்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைச் செல்களோடு கலந்து, லேசர் ஒளியின் முன் ஒவ்வொன்றாக ஓடவிடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் இவை சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிடி19, சிடி22, சிடி79ஏ இருந்தால் நோய் பி வகைச் செல்லில் பிறந்தது. செல்லுக்குள் சிடி3 இருந்தால் டி வகை. மயலோபெராக்சிடேஸ் இருந்தால் அது மயலாய்டு எனப்படும் வேறு வகை லுக்கீமியா. எந்த ஒரு புரதத்தையும் தனியே நம்பி முடிவு சொல்வதில்லை. லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழுவினர் 1975இல் இனங்கண்ட சிடி10, பி வகை நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படுகிறது. ஒரு வயது நிரம்பாத சிசுக்களில் அது பெரும்பாலும் இருக்காது. அவர்களிடம் 11ஆம் குரோமோசோமிலுள்ள கேஎம்டி2ஏ மரபணு உடைந்திருப்பதே வழக்கம். இன்றும் மருத்துவர்களை மிகவும் கவலைப்படுத்தும் வகை இது.

மரபணு மாற்றங்களில் நம்பிக்கை தருபவை இரண்டு. ஒன்று, செல்லில் 46க்குப் பதில் 50க்கு மேற்பட்ட குரோமோசோம்கள் இருப்பது. மற்றது, 12ஆம், 21ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் இடிவி6–ரன்எக்ஸ்1 இணைவு. இடம்மாறும் துண்டுகள் பார்வைக்கு ஒத்திருப்பதால் வழக்கமான குரோமோசோம் சோதனையில் இந்த இணைவு தென்படாது. 1995இல்தான் இது மூலக்கூறு அளவில் விளக்கப்பட்டது. பின்னர் நோயுற்ற குழந்தைகள் பிறந்தபோது குதிகாலில் எடுத்துக் காகிதத்தில் உலர்த்திய இரத்தப் பொட்டுகளைச் சோதித்தபோது, சிலவற்றில் அதே இணைவு இருந்தது. நோயின் முதல் தப்படி கருவறையிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பது இதனால் உறுதியானது. இந்த இணைவோடு பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அதற்குப் பிறந்த பின் வேறு மாற்றங்களும் சேர வேண்டும். பெற்றோர் தங்களை நொந்துகொள்ள இதில் எதுவும் இல்லை என்பதை மருத்துவர்கள் அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

குறிப்பானின் பொருள் நிலையானதன்று. 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் மாற்றத்தால் உண்டாகும் ஃபிலடெல்ஃபியா குரோமோசோமை 1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் வேறொரு லுக்கீமியாவில் கண்டறிந்தனர். லிம்ஃபோபிளாஸ்டிக் வகை வந்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடம் இது உண்டு. முன்பு அவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. இந்தக் குரோமோசோம் மாற்றம் உண்டாக்கும் புரதத்தையே தடுக்கும் இமாடினிப் மாத்திரை கீமோதெரபியோடு சேர்ந்தபின் நிலைமை மாறியது. பலருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. சிடி19 புரதமும் அடையாளமாக இருந்து இலக்காக மாறியது: பிளினாடுமோமாப் மருந்தும், நோயெதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்–டி செல் சிகிச்சையும் அதைக் குறிவைத்தே தாக்குகின்றன. சில சமயம் நோய்ச்செல் அப்புரதத்தை உதறிவிட்டுத் தப்பித்துத் திரும்புவதும் உண்டு.

சிகிச்சை தொடங்கிய பிறகும் குறிப்பான்களின் வேலை முடிவதில்லை. நுண்ணோக்கியில் மஜ்ஜை தூய்மையாகத் தெரிந்தாலும், பத்தாயிரம் செல்களில் ஒன்றாக எஞ்சியிருக்கும் நோய்ச்செல்லை ஃப்ளோ சைட்டோமெட்ரியோ, மரபணுத் துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையோ காட்டிக்கொடுக்கும். முதல் கட்டச் சிகிச்சையின் முடிவில் கிடைக்கும் இந்த அளவே, அடுத்து மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது.

மேலை நாட்டுக் கணக்குகள் அப்படியே இந்தியாவுக்குப் பொருந்துவதில்லை. இங்கு டி வகை கூடுதலாகவும், இடிவி6–ரன்எக்ஸ்1 குறைவாகவும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. நோய்ச்செல்லின் மாற்றங்கள் மட்டுமல்ல, குழந்தை பிறவியிலேயே பெற்ற மரபணுவும் முக்கியம். என்யூடிடி15 மரபணுவின் ஒரு வேறுபாடு உள்ளவர்களுக்கு, நீண்டகாலம் கொடுக்கப்படும் மெர்காப்டோபியூரின் மாத்திரையின் வழக்கமான அளவே வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஐரோப்பியரைவிடக் கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் இவ்வேறுபாடு அதிகம். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே இச்சோதனையைச் செய்துகொள்வது நம் குழந்தைகளுக்கு மிகவும் பயன்தரும்.